வளைகாப்பு அன்று விழுந்த பழி

சென்ற ஐப்பசியில், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளுக்கு வளைகாப்பு நடத்தி வீட்டுக்கு அழைத்துவர, பேராவூரணியிலிருந்து மயிலாடுதுறைக்கு வேனில் போயிருந்தோம். நாங்கள் கொண்டுபோன கட்டுச்சோற்றுத் தூக்குகளை யாரும் வாங்கி வைக்கவில்லை. காரணம் உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

துபாயில் இருக்கும் மருமகன், போனிலேயே ஏதோ முழு உடல் பரிசோதனைக்குச் சொல்லி, வீட்டுக்கே ஆள் வந்து மகளுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் என்ற எண் மட்டும் அதிகமென்று சிவப்பில் வந்திருக்கிறது. டாக்டரிடம் காட்டவில்லை. பரம்பரை ரத்த வியாதி என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

மகள் கன்னத்தில் சந்தனத்தோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா என்னிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "உங்க கொழுந்தனார் பக்கவாதத்துல போனப்பவே யோசிச்சிருக்கணும். ரத்தத்துல வியாதி இருக்கிற பொண்ண மறைச்சுக் கட்டி வச்சிட்டீங்களே."

போனில் மருமகனும், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை" என்றார். வளையல் போட வந்தவர்களில் பாதிப் பேர் பின்வாங்கி நின்றார்கள்.

திரும்பும் வழியில் வேன் ஒரத்தநாடு தாண்டியதும் மகள் கேட்டாள்: "எனக்கு நெசமாவே வியாதியாம்மா? புள்ளைக்கும் வருமா?"

மறுநாளே தஞ்சாவூரில் டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் மகளின் கால்களையும் மூச்சையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லா இருக்கிற கர்ப்பத்துலயே இது ஏறத்தான் செய்யும்மா. பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போயிடக் கூடாதுன்னு உடம்பு முன்னாடியே தயாராகுது. ரிப்போர்ட்ல போட்டிருக்கிற நார்மல் அளவு கர்ப்பிணிக்கானது இல்ல." ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் வரச் சொன்னார்.

அன்றே சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். "அப்படியா, நல்லதாப் போச்சு" என்றவர், அடுத்த மூச்சில் எங்கள் பக்கம் சம்பா நடவு முடிந்ததா என்று விசாரித்தார்.

அதன்பிறகும் மகள் ஒவ்வொரு ராத்திரியும் தன் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பேரன் நல்லபடியாகப் பிறந்தான். அவர்கள் வந்தார்கள், கொஞ்சினார்கள், வெள்ளி அரைஞாண் போட்டார்கள். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இப்போது மகளும் அங்கேதான் இருக்கிறாள். அவள் நம்பரிலிருந்து போன் வந்தாலே, எல்லாம் நல்லதுதானே என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அவள் உயிரைக் காக்க உடம்பு தானாகச் செய்துகொண்ட ஏற்பாட்டை ஊரறியக் குற்றமாக்கியவர்கள், அது குற்றமில்லை என்பதை அந்த ஊரில் ஒருவரிடமாவது சொல்லியிருப்பார்களா என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.