ஓட்டையை அடைத்தவள்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தெருவுக்குக் குடிதண்ணீர் வராமல் செய்தவள் நான். குழாயை அடைக்கவில்லை, யாரிடமும் கோள் சொல்லவில்லை... ஒரு வரைபடத்தில் இருந்த ஓட்டையை அடைத்தேன். அவ்வளவுதான்!

அவ்வளவுதான் என்று எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? இன்று உங்களிடம் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்லத் துணிவில்லை. சொல்ல எனக்கு ஆளும் இல்லை.

காட்பாடியில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ட்ரோன் மேலிருந்து எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பெரிய படமாக்கி, இணையத்தில் வரைபடமாக ஏற்றுவது என் பொறுப்பு. பாலாற்றங்கரை ஊர்களை அப்படித்தான் ஏற்றினோம். எந்தெந்தத் தெருவை ஒட்டிக் தோல் ஆலைக் கழிவுத் தண்ணீர் நிற்கிறது என்று அதிகாரிகள் அந்தப் படத்தில் பார்ப்பார்கள்; அந்தத் தெருக்களுக்கு மட்டும் குடிதண்ணீர் லாரி போகும். இது எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டார். ஆம்பூருக்கு அந்தப் பக்கம் வரைபடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை தெரிகிறது, இன்றைக்குள் சரிசெய்துவிடு என்றார். பார்த்தேன். ஆணியடித்துக் காயவைத்த தோலைப் போல, கோணல்மாணலாக ஒரு வெற்றிடம்.

பிரவுசரில் தங்கிப்போன பழைய படமோ என்று நினைத்து அதையெல்லாம் அழித்துப் பார்த்தேன். ஓட்டை அப்படியே இருந்தது. பெரிதாக்கினாலும் இருந்தது, சிறிதாக்கினாலும் இருந்தது. ஒரு படம் விடுபட்டிருக்குமோ என்று எல்லைகளைச் சரிபார்த்தேன். விடுபடவில்லை! அந்த இடத்தின் படம் என் கணினியிலேயே பத்திரமாக இருந்தது. திறந்தேன். சீமைக் கருவேலப் புதர்களுக்கு நடுவே ஒரு குட்டை. கறுப்பு... அப்படியொரு கறுப்பை நான் பார்த்ததில்லை.

குட்டையின் மேல் சுட்டியை வைத்து, நிறத்தைக் குறிக்கும் எண்ணைப் பார்த்தேன். முழுக் கறுப்பு என்றால் பூஜ்யம். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வெறும் கறுப்புப் பட்டை ஒன்று வரும். ஒட்டும்போது அது தெரியக்கூடாது என்பதற்காக, பூஜ்யம் என்றால் அங்கே ஒன்றுமில்லை, காட்டாதே என்று மென்பொருளுக்கு நான்தான் சொல்லி வைத்திருந்தேன். எங்கும் அப்படித்தான் செய்வோம். ஆனால் எங்கள் ஊர்த் தண்ணீர் அவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? ஒரு குட்டைத் தண்ணீரையே ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டது மென்பொருள்.

முறையாகச் சரிசெய்ய வேண்டுமானால் அந்தக் கட்டளையை நீக்கி, ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் வெட்டி, எல்லாவற்றையும் மறுபடி ஒட்ட வேண்டும். மூன்று நாள் வேலை. கேட்டிருந்தால் மேலாளர் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மதியம் அலுவலகமே ஆம்பூருக்குப் பிரியாணி சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தது. கூட வேலை பார்க்கும் நஸ்ரீனுக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது, அவளுடைய விருந்து. என் மேசைக்கு வந்து, "நீங்களும் வாங்கக்கா, வண்டியில எடம் இருக்கு" என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் என்னை யாரும் எங்கும் கூப்பிட்டதில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு, மூடிவைத்துப் பழகியவள் நான். அந்த ஒரு வார்த்தைக்கு என் மனம் எப்படித் துள்ளியது!

பழைய படம் ஒன்று இருந்தது. அந்தக் குட்டை உருவாவதற்கு முந்தைய படம். அங்கே வெறும் தரையும் பச்சைப் புதரும்தான். அதை எடுத்து ஓட்டைக்கு அடியில் வைத்தேன். ஓட்டை மறைந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை... மேலாளர் பார்த்துவிட்டு சூப்பர் என்றார். நான் ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

பிரியாணிக் கடையில் மேசையின் கோடியில் எனக்கு இடம் கிடைத்தது. கத்தரிக்காய் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேறு யாரும் என்னிடம் பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து, அந்தக் குட்டையை ஒட்டிய தெருவிலிருந்து மேரி அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பக்கத் தோலைத் தைப்பவள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, மனுவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். வாசலுக்கு நேராக இருந்த மேசை என்னுடையது.

"எங்க வூட்டு பின்னாடி கறுப்பா தண்ணி நிக்குது மேடம். கெணத்து தண்ணிய வாயில வைக்க முடியல. உங்க படத்துல அப்படி ஒண்ணும் இல்லன்னு லாரி உட மாட்டேன்றாங்க. இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

"படத்துல இருக்கிறதைத்தாங்க நாங்க போடறோம்" என்றேன்.

என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று என் போன் எண்ணை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டிருக்கலாமே... ஓட்டை இருந்திருந்தால் யாராவது ஒருவர் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார். நேரில் போய்ப் பார்த்திருப்பார். பச்சையைப் பார்த்து யார் கேள்வி கேட்பார்கள்?

சரி, பிறகாவது திருத்தினாயா என்று கேட்பீர்கள். இல்லை. அசல் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. திருத்தினால் பழைய படத்தை வைத்தது யார் என்ற கேள்வி வரும். முதலில் வேலை போய்விடுமே என்று பயந்தேன். இப்போது அந்தப் பயம்கூட இல்லை. இப்போது இருப்பது வேறு.

மேரி அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் போன் செய்கிறாள். முதலில் படத்தைப் பற்றி மட்டும் கேட்பாள். நான் தனியாக அறை எடுத்து இருக்கிறேன் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மேடம் என்று கூப்பிடுவது போய்விட்டது. "இன்னாமா, சாப்ட்டியா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். உடம்புக்கு முடியாதபோது மிளகு ரசம் வைக்கச் சொன்னாள். வாரம் முழுவதும் என் போனில் வரும் ஒரே அழைப்பு அது. அதற்காக நான் குளித்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

உண்மையைச் சொன்னால் அவள் தெருவுக்குத் தண்ணீர் வரும். எனக்கு அந்த அழைப்பு வராது. இரண்டையும் எடைபோட்டு, வாராவாரம் நான் எதைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

போன வாரம் சொன்னாள், "எங்களுக்காக நீ ஒருத்தியாவது பாக்குறியே... அது போதும்மா."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்க்கா" என்றேன்.

சரிம்மா, ரயில் வர்றதுக்குள்ள தண்டவாளம் தாண்டி அந்தாண்ட போய்த் தண்ணி எடுத்தாரணும் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கடைசியாகக் கேட்டது.

நாளை ஞாயிற்றுக்கிழமை.