கெமரா போன் குலுக்கலும் யோகராஜின் பெயரும்

தன் மகன் யோகராஜின் பெயரை எடுத்துவிடும்படி மாரியாயி எங்கள் கடைக்கு வந்து கேட்டபோது, அந்தப் பெயர் கொழும்பில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ‘கொமியுனிகேஷன்’ என்று நாங்கள் சொல்லும் ஒரு தொலைபேசிக் கடையில் நான் வேலை பார்த்த காலம் அது. அங்கே நாங்கள் செய்ததை இன்று இணையத்தில் விற்பனை செய்யும் இளைஞர்கள் ‘லிஸ்ட் பில்டிங்’ என்று சொல்கிறார்கள். பொருளை வாங்கக்கூடியவர்களின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் திரட்டும் வேலை. இந்தக் குறிப்பு அவர்களுக்காக.

1. பெட்டி வைத்தது

அதற்கு முன் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஹட்டன் நிருபர். அந்த வேலை நின்றதும் பிரபு என்ற இளைஞரின் கடையில் சேர்ந்தேன். இரண்டு டெலிபோன் கூண்டு, ஒரு போட்டோகொப்பி மெஷின், நான்கு கம்பியூட்டர். முதலாளி என்னைவிட வயதில் சிறியவர். என்னை அண்ணன் என்பார். நான் அவரைத் தம்பி என்பேன்.

கொழும்பில் இருந்த ஒருவர் இணையம் வழியாகப் பிரபுவுக்கு ‘அஃபிலியேட் மார்க்கெட்டிங்’ சொல்லிக்கொடுத்தார். விற்கும் பொருள் அவருடையதல்ல, எங்களுடையதுமல்ல. வேறு கம்பெனிகளின் கம்பியூட்டர் கோர்ஸ், ஆங்கில கோர்ஸ், போன் இணைப்பு. அவற்றை வாங்கக்கூடிய இளைஞர்களின் விவரத்தை நாங்கள் அனுப்ப வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கமிஷன். அந்த ஆள் கோர்ஸில் சேர்ந்தால் மேற்கொண்டு ஒரு கமிஷன்.

பெயர் சேர்ப்பதற்குப் பிரபு ஒரு குலுக்கல் அறிவித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கெமரா போன். பக்கத்தில் கூப்பன் போட ஒரு மரப்பெட்டி. கூப்பனில் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். கீழே மிகச் சிறிய ஆங்கில எழுத்தில், இந்த விவரங்களைப் பிற நிறுவனங்களுக்குத் தரச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி.

“இத யாரு தம்பி படிப்பாங்க?” என்று கேட்டேன்.

“யாரும் படிக்க மாட்டாங்கண்ணே.”

“அதுக்குத்தான் சின்னதாப் போட்டீங்களா?”

“பெருசாப் போட்டா போன் படத்துக்கு எடம் பத்தாதுல்ல.” சிரித்தார். “பேப்பருக்கு எழுதுன கையி, கேள்வி கேக்காம இருக்காதே.”

“ஐசி நம்பர் எதுக்கு?”

“அது இருந்தாத்தான் நெசமான ஆளுன்னு தெரியுமாம். நெசமான ஆளுக்குத்தான் கமிஷன்.”

யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதிப்பார்கள் என்று புறப்படும்போது யாருக்கும் தெரியாது. தமிழ் இளைஞன் தன் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே பயணம் செய்த காலம். அந்த இலக்கத்தை ஒரு மரப்பெட்டியில் போடச் சொன்னோம். போட்டார்கள். ஏனென்றால் கேட்டவன் சீருடை போட்டிருக்கவில்லை.

2. மாரியாயியின் கூப்பன்

மாரியாயி மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். ஹட்டனுக்கு வந்தால் எங்கள் கூண்டிலிருந்துதான் மகனுக்குப் பேசுவார். யோகராஜ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். அன்று பேசி முடித்துவிட்டுக் கண்ணாடிக்குள் இருந்த போனைப் பார்த்தார்.

“ஐயா, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. விழுந்தா மகனுக்கு அனுப்பிருவேன்.”

“ஐசி இருக்காம்மா?”

“எனக்கு எங்கங்க ஐசி? பொறந்த சர்ட்டிபிகேட்டே கெடையாது. மகனோட கொப்பி இருக்கு, போடலாங்களா?”

தோட்டத்தில் அவரைப் போல அட்டை இல்லாதவர்கள் ஏராளம். வெளியூர் போகும் பிள்ளைகள் தம் அட்டையின் போட்டோகொப்பி ஒன்றை வீட்டில் விட்டுச் செல்வார்கள். வழியில் ஏதாவது ஆனால் தேடிவருவதற்கு அது வேண்டும். அந்தக் கொப்பியை மாரியாயி முந்தானை முடிச்சிலிருந்து எடுத்தார். கூப்பனில் நான் யோகராஜின் பெயரையும் இலக்கத்தையும் எழுதினேன். விலாசத்துக்குத் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும். அவர் கைப்பெருவிரலை வைத்தார்.

கூப்பன்களைக் கம்பியூட்டரில் ஏற்றிப் பிரபு கொழும்புக்கு அனுப்பினார். போன் யாருக்கும் விழவில்லை. குலுக்கல் நடக்கவே இல்லை.

3. பெரட்டில் வந்த கடிதங்கள்

பெயர் வாங்கியவர்கள் கொழும்பிலிருந்து கடிதம் போட்டார்கள். கோர்ஸ் விளம்பரம், அவ்வளவுதான். நகரத்தில் அது வீட்டு வாசலில் வந்து விழுந்து குப்பைக்குப் போயிருக்கும். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தபால் நேராக வராது. தோட்ட ஆபீசுக்கு மொத்தமாக வரும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். யாருக்கு எங்கிருந்து என்ன வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மாரியாயியின் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க்கின் மேசைக்கு ஒரே மாதிரிக் கவர்கள் ஒரு கட்டாக வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கொழும்பு விலாசம். எல்லாம் இளந்தாரிகளின் பெயருக்கு; பெயருக்குக் கீழே அடையாள அட்டை இலக்கமும். ஏதோ இயக்கத்து விஷயம் என்று கிளார்க் பயந்துவிட்டார். கட்டைப் பிரிக்காமல் பொலிஸில் கொடுத்தார்.

அடுத்த நாள் பெரட்டுக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. கவரைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்னால் வந்தவன் அட்டையைக் காட்டினான், எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். யோகராஜ் என்று கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. தாயைக் கேட்டார்கள். கொழும்பு என்று சொன்னால் விபரீதமாகும் என்று மாரியாயி நினைத்தார்.

“வலப்பனையில சித்தி வீட்டுல இருக்கான்” என்று சொல்லிவிட்டார்.

வலப்பனையில் அவருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

4. ஒரு பெயரை எடுப்பது

மகனின் இலக்கத்தை எங்கள் கூப்பனுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார்; அன்றே கடைக்கு வந்துவிட்டார். கொழுந்துக்குப் போகிற உடுப்போடு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குடன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் பேர எடுத்துருங்க ஐயா. போனு வேணாம், ஒண்ணும் வேணாம். எம்புள்ள பேர மட்டும் எடுத்துருங்க.”

நிலைமை எனக்கு விளங்கியது. கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டிய காலம்; யோகராஜும் தன் தங்குமிடத்தைப் பதிந்திருந்தான். அதே அட்டை இலக்கம் இப்போது தோட்ட விலாசத்தோடும் இருந்தது. வலப்பனையில் விசாரித்தால் அதுவும் பொய் என்று தெரியவரும். ஒரே ஆளுக்கு மூன்று இடம். அந்த நாளில் உள்ளே போடுவதற்கு அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. நிருபராக இருந்தபோது, உள்ளே போனவன் எப்போது வருவான் என்று என்னால் ஒருமுறைகூட எழுத முடிந்ததில்லை.

பிரபு கொழும்புக்காரருக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாகக் கேட்டது.

“ஒரு பேரை மட்டும் எப்பிடி எடுக்கிறது? ஃபைல மூணு கம்பெனிக்கு அனுப்பிட்டேன். அவங்க யாருக்குக் குடுத்தாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

மாரியாயி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவருகிட்ட நான் பேசுறேங்க” என்றார். அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

கூப்பன்கள் இன்னும் பெட்டிக்குள் இருந்தன. தேடி எடுத்தேன். என் கையெழுத்து, தாயின் பெருவிரல் அடையாளம். யோகராஜ் எதையும் எழுதவில்லை, எந்த விலாசத்தையும் கொடுக்கவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் புறப்பட்டேன். பிரபு வாசலை மறித்தார்.

“போகாதீங்கண்ணே. கடையில இத்தன தமிழ்ப் பேரு ஐசி நம்பரோட இருக்குன்னு தெரிஞ்சா நம்மள விடுவாங்களா? எனக்குப் பச்சப் புள்ள இருக்கு.”

“அந்தப் பையன விடுவாங்களா தம்பி?”

அவர் விலகிக்கொண்டார். நாங்கள் இருவரும் ஒரே அளவுக்குப் பயந்திருந்தோம்.

5. பொலிஸ் நிலையம்

மாரியாயியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். சப் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் பேசினார். கூப்பனை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். குலுக்கல் விஷயத்தைச் சொன்னேன்; தாய்க்கு அடையாள அட்டை இல்லாததைச் சொன்னேன்; வலப்பனை என்றது பயத்தில் சொன்ன பொய், பையன் கொழும்பில் பதிவோடுதான் இருக்கிறான் என்றேன். அவர் குரல் உயரவில்லை. நான் சொன்னதை நம்பினார் என்றே நினைக்கிறேன். கொழும்புக்குச் செய்தி அனுப்பும்படி ஒரு கொன்ஸ்டபிளிடம் சொன்னார்.

பிறகு கூப்பனை மேசையில் வைத்து விரலால் தட்டினார்.

“இதைப் போல இன்னும் எத்தனை இருக்கிறது?”

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘இல்லை’ என்று சொன்னால் என் பேச்சு முழுவதும் பொய்யாகும். யோகராஜ் மறுபடி சிக்குவான். இருக்கிறது என்றேன்.

“பெட்டியோடு கொண்டுவா. கம்பியூட்டரில் இருப்பதையும்.”

ஒரு கொன்ஸ்டபிள் என்னோடு கடைக்கு வந்தார். பிரபு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். ஃபைலை நான்தான் பிரின்ட் எடுத்தேன். மெஷின் தாள் தாளாகத் தள்ளியது. பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வுட், கொட்டகலை; பையன்களும் பெண்பிள்ளைகளும். போன் ஒன்று கிடைக்குமென்று எழுதிப் போட்டவர்கள். பொலிஸிடம் கொடுக்கலாமா என்று அவர்களில் ஒருவரிடமும் நாங்கள் கேட்கவில்லை.

யோகராஜைக் கொழும்பில் பிடித்துத்தான் வைத்திருந்தார்கள். ஹட்டன் செய்தி போனதும் விட்டுவிட்டார்கள். ஆனால் பொலிஸ் தேடிவந்த பையனைச் சாப்பாட்டுக் கடைக்காரர் வைத்துக்கொள்ளவில்லை. தோட்டத்துக்குத் திரும்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தான். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற பையன்.

“அம்மா ஒங்களுக்குக் கும்புடு சொல்லச் சொன்னாங்கண்ணே.” மரப்பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தான். “எம் பேரு இன்னும் பொலிஸ்ல இருக்குங்களா?”

“தெரியலப்பா.”

“கேட்டுப் பாக்க முடியாதுங்களா?”

“கேக்கப் போனா, ஒம் பேரச் சொல்லித்தான் கேக்கணும்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரட்டிய பெயர், திரட்டியவனோடு நிற்பதில்லை. உங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது என்று தெரிந்தால், கேட்கும் அதிகாரம் உள்ளவர் யாரும் அதை எடுத்துக்கொள்ளலாம். அவர் யார் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. வேலைக்குத் தேவையில்லாத விவரத்தைக் கேட்காதீர்கள். கடிதமோ மெசேஜோ எந்த வழியாக, யார் கண்ணில் பட்டு அந்த வீட்டுக்குப் போகிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் பெயர் நீங்கிவிடும் என்கிறார்கள். நல்லது. அது யாருடைய பட்டியலிலிருந்து நீங்குகிறது, யாருடையதில் அப்படியே இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, எதிரில் இருப்பவரிடம் பெயரைக் கேளுங்கள்.