போலந்துப் பாவாடைக்குப் புடவை ஃபால்ஸ்

போன வாரம் என் கடையில் ஒரு பாவாடை பறந்தது. பறக்கவிட்டவனும் நான்தான், இறக்கியவனும் நான்தான்.

நஜ்மாவில் என் தையல் கடையைத் தெரியாத தமிழர் யாராவது தோஹாவில் இருந்தால், அவர் நேற்றுதான் ஏர்போர்ட்டில் இறங்கியிருப்பார். படிப்பு அஞ்சாம் கிளாஸ்தான். ஆனால் இந்தக் கையில் அளவு கொடுக்காத நாட்டுக்காரர் உண்டா?

இப்போது வந்தவர் மார்த்தா. போலந்துக்காரம்மா, இங்கே நர்ஸ். ஒரு ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் பல நாட்டு விழா. அதில் அவருடைய கோஷ்டி அவங்க ஊர் நாட்டுப்புற ஆட்டம் ஆடுகிறது. பட்டை பட்டையாக நிறம் ஓடும் பாவாடைகள் வேண்டும்.

"அப்பா ஊர்லேர்ந்து வர்றார் மாஸ்டர். அங்கே ஆட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பாலைவனத்துக்குப் போனவளுக்கு ஆட்டம் மறந்திருக்கும்னு போன்ல கிண்டல் பண்றார். முன் வரிசைல உட்காரப் போறார். என் மானம் உங்க கையில" என்றார், இங்கிலீஷில். எனக்கு இங்கிலீஷ் புரியாது என்று யார் சொன்னது?

அசல் பாவாடை கனத்த கம்பளியாம். தோஹா வெயிலில் கம்பளியா? யாரையும் கேட்காமல், நல்ல மெல்லிசுத் துணியில் தைத்துவிட்டேன். எனக்கா தெரியாது?

விழாவுக்கு முந்தின நாள் ட்ரயல். ஜீன்ஸுக்கு மேலேயே பாவாடையைக் கட்டிக்கொண்டு, மார்த்தா போனில் பாட்டைப் போட்டார். வயலின், கூடவே டிரம். ஒன்-டூ-த்ரீ, ஒன்-டூ-த்ரீ... ஓபரெக் என்று பேராம். ஒரு சுற்று சுற்றினார் பாருங்கள் — பாவாடை குடையாக விரிந்தது. அதோடு நின்றதா? மேலே ஏறி அவர் முகத்தையே மூடிவிட்டது!

"அப்பா முன்னாடி இப்படியா?" மார்த்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, பேசாம அந்தம்மாவை மெதுவா சுத்தச் சொல்லிருவோமா?" என்றார் கட்டிங் மாஸ்டர் செல்வம். மாயவரத்துக் குசும்பு!

நானும் கேட்டுத் தொலைத்தேன். மார்த்தா சாக்பீஸை எடுத்து கட்டிங் டேபிளில் ஒரு மேப் போட்டார். மேலே கடல். கீழே மலை. மலைக்காரர்கள் நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்து ஆடுவார்களாம். இவருடைய வோவிச் ஊர் நடுவில், சமவெளி. அங்கே ஹால் முழுக்கச் சுற்றி வருவார்களாம்.

"சுத்தலேன்னா அது எங்க ஆட்டமே இல்லை மாஸ்டர்."

அட, நியாயம்தானே? இடம் இல்லாதவன் குதிக்கிறான், இருக்கிறவன் சுற்றுகிறான். ஒரு ரூமில் கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து, பெட் ஸ்பேஸில் கிடக்கும் நம்ம ஆட்கள்? அடுக்குக் கட்டிலில் படுத்தபடி தலையை மட்டும் ஆட்டுகிறோம்! ஆட்டத்தைத் தீர்மானிப்பது கால் இல்லை சாமி, தரை.

சரி, சுற்றைக் குறைக்க முடியாது. அப்படியென்றால் துணிக்குத்தான் கனம் ஏற வேண்டும். பக்கத்தில் யாரோ கொடுத்த பட்டுப்புடவை ஃபால்ஸுக்காகக் காத்துக்கிடந்தது... புடவைக் கரை பறக்காமல் கனமாகத் தொங்க உள்பக்கம் தைக்கிற பட்டைதானே ஃபால்ஸ்?

"செல்வம், ஃபால்ஸ் எடுங்க! எல்லாப் பாவாடைக்கும் ரெட்டை மடிப்பு. யல்லா, சீக்கிரம்!"

"போலந்துக்கு ஃபால்ஸா? வெளியில சொல்லாதீங்க அண்ணாச்சி, சிரிப்பாங்க" என்றபடியே மெஷினில் உட்கார்ந்தார்.

மறுநாள் மேடையில் மார்த்தா சுற்றினார். பாவாடை குடையாக விரிந்தது... குடையாகவே நின்றது! முழங்காலைத் தாண்டவில்லை. முன் வரிசையில் பெரிய மீசையோடு அவர் அப்பா. முதலில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக இருந்தார். கொஞ்ச நேரத்தில் கால் தாளம் போட்டது. கடைசியில் எழுந்து நின்று விசிலே அடித்துவிட்டார்!

ஆட்டம் முடிந்ததும் மகளைக் கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தால், குனிந்து பாவாடைக் கரையை அல்லவா புரட்டிப் பார்க்கிறார்! தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்புறம்தான் கட்டிப்பிடித்தார். மார்த்தா மறுபடி அழுதார். இந்த அழுகைக்கு நான் பொறுப்பு, சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன்.

ஊருக்குக் கிளம்புமுன் அப்பா கடைக்கே வந்துவிட்டார். அவர் குழுவுக்கும் வெயில் காலத்துக்கு மெல்லிசுப் பாவாடை தைக்கணுமாம். பை நிறைய ஃபால்ஸ் வாங்கிப் போனார்.

ஆகவே வாசகர்களே, போலந்தில் ஏதாவது ஒரு பாவாடை மரியாதையாகச் சுற்றுவதைப் பார்த்தால்... நஜ்மா அண்ணாச்சி என்று என் பெயரைச் சொல்லுங்கள், நான் ஒன்றும் கோவித்துக்கொள்ள மாட்டேன்!