ஏழுமலை மனைவி கஸ்தூரி

காலைப் பேருந்தின் நடத்துநர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். பால்வாடிப் பிள்ளைகளுக்கு நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "டீச்சர், உங்க கொழுந்தன் ஏழுமலை வூட்டம்மா ஆஸ்பத்திரில தவறிட்டாங்களாம். சொல்லச் சொன்னாரு" என்றார். மஞ்சள் காமாலை என்று போன வாரம்தான் சேர்த்திருந்தோம். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். கட்டியவன் உயிரோடிருக்கப் பூவும் பொட்டுமாகப் போய்விட்டாளே, இதிலும் என்னை முந்திக்கொண்டாளே என்று. கஸ்தூரியை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். பொறாமையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுது என்றால் அவளைப் பற்றி எனக்கு ஒரு வரியும் வராது.

எழுபதுகளின் நடுவில் எளாவூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு வேலைக்குப் போன என் கொழுந்தன் அவளை அழைத்து வந்தான். ஆண்பிள்ளையாகப் பிறந்து, பெண்ணாக வாழவேண்டும் என்பதற்காக வீட்டைவிட்டு வந்தவள். அம்மன் கோயிலில் தாலி கட்டி, எங்கள் வீட்டை ஒட்டியே குடிசை போட்டான். ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவள் இறால் தொக்கு வைத்தால் வாசனைக்கே என் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார். எனக்குப் பற்றியெரிந்தது அதில்தான். குழாயடியில் ஒருத்தி, "நீ ஆம்பளயாத்தான பொறந்த?" என்று குத்தலாகக் கேட்டாள். கஸ்தூரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "பொறந்தது என் கையில இல்லமே. பொழைக்கிறது என் கையில கீது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். எனக்கு அப்படிச் சட்டென்று பதில் வராது. வீட்டுக்குப் போய் உலை வைக்கும்போதுதான் வரும்.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் விழும் இடங்களில் இன்றைக்கு இன்னார் என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமானவன்தான் தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பாடு. ஏழுமலையை ஊர் தலைக்கட்டில் சேர்க்கவில்லை. தாலி கட்டியிருந்தாலும் அது கல்யாணமில்லை என்றார்கள். அவன் அடுத்தவர் வலையைக் கூலிக்கு இழுத்தான். "என்னை இன்னா வேணா சொல்லட்டும்க்கா. என்னைக் கட்டிக்கினதால அவருக்குப் பாடு போச்சே, அதான் என்னால தாங்கல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருந்த நாள்.

ஒரு சித்திரையில் ஊர்க்கூட்டத்தில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. கோயிலுக்கு எதிரே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஓரமாக நின்றோம். "அது குடும்பமே இல்ல, அதுக்கு எதுக்குப் பாடு?" என்றார் ஒருவர். அன்று காலையில்தான் கஸ்தூரிக்கும் எனக்கும் சண்டை நடந்திருந்தது. அந்தக் கடுப்பு அடங்காமல் நான் குரலை உயர்த்தினேன். "குடும்பம் இல்லாமயா விடியறதுக்குள்ள எழுந்து, எம் வாசலையும் சேத்துத் தெளிச்சி, என்னைச் சோம்பேறினு ஊருக்குக் காட்றா? எங்க வூட்டுக்காரரு அவ கொழம்பத்தான் மெச்சறாரு. ஓரகத்தியா இல்லாதவகிட்டயா நான் இத்தினி வருசமா மாரடிச்சிக்கினு கீறேன்?" கூட்டம் சிரித்தது. ஊர்ப் பெரியவர் சிரிக்கவில்லை. "ஓரகத்தி சண்டை நடக்குதுன்னா அது குடும்பம்தாம்பா. ஏழுமலையத் தலைக்கட்டுல சேத்துக்கோங்க" என்றார். நான் குறை சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அவள் புருஷனுக்குப் பாடு கிடைத்தது. சாயங்காலம் ஒரு கிண்ணம் தொக்கு கொடுத்தனுப்பினாள். தொடக்கூடாது என்று மூடி வைத்தேன், பிறகு தின்றுவிட்டேன்.

அடுத்த ஆசை ரேஷன் கார்டு. தாலுக்கா ஆபீஸில் அவளுடைய பழைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, மனைவி என்று போட வழியில்லை என்றார்கள். ஏழுமலை தலைக்கட்டில் சேர்ந்ததற்கு ஊரிலிருந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். திருப்பி அனுப்பினார்கள், மறுபடி போனான். பாடு இல்லாத நாளெல்லாம் பேருந்து ஏறினான். கடைசியில் கார்டு வந்தது. அதில் கஸ்தூரி, மனைவி என்று மையில் எழுதியிருந்தது. "சக்கரைக்கு இல்லக்கா, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்ளோ நடை" என்று என்னிடம் காட்டினாள். என் கார்டில் என் பெயர் பாப்பா. வீட்டில் கூப்பிடும் பெயரை என் வீட்டுக்காரர் அலட்சியமாகச் சொல்ல, வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பத்திரிகை அடித்து, மேளம் வைத்துக் கல்யாணம் செய்துகொண்ட எனக்காக யாரும் ஒரு படிகூட ஏறவில்லை. அன்று அவளிடம் நன்றாயிருக்கிறது என்றுகூட நான் சொல்லவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஏழுமலை வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தான். இறந்ததற்குக் கொடுத்த சீட்டில், பழைய பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயரைப் போட்டு, ஆண் என்று எழுதியிருந்தார்கள். உடலை எடுத்துப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார் சிப்பந்தி. கூட்டத்தில்கூட வாய் திறந்து பேசாதவன் ஏழுமலை. ரேஷன் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னான். "இந்த ஆம்பள யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. எம் பொண்டாட்டியக் குடுங்க."

வெயில் சாயும்வரை அதையே சொன்னான். கடைசியில் ஒரு டாக்டர் வந்து கார்டைப் பார்த்தார், வேறு சீட்டை எடுத்து ஏழுமலை மனைவி கஸ்தூரி என்று எழுதினார். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "எனக்கோசரம் நீ இப்டி உக்காருவியா?" என்று கேட்டேன். "உன்ன யாரு ஆம்பளன்னு சொல்லப் போறாங்க?" என்றார்.

அவளுடைய புடவைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னான் ஏழுமலை. வேண்டாம் என்றுவிட்டேன். அவளிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது இந்தப் பொறாமைதான், அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, ஐயோ பாவம் என்றவர்களும் உண்டு. ஒரு பெண்டாட்டியைப் பார்த்து இன்னொரு பெண்டாட்டி பொறாமைப்படுவதுபோல அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இன்னும் படுகிறேன்.