ஜெனி கேட்ட ஒரே கேள்வி

போன மாதம் தாயில்பட்டியில் ஒரு இன்டர்வியூ நடத்தினேன். வேலை என்ன தெரியுமா? பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது.

பெற்றவள் என் அக்கா மகள் ஜெனி. சென்னையில் இதற்கு 'டூலா' என்று பெயராம், ட்ரெயினிங்கூட உண்டாம். நம்மூரில் அதற்குப் பெயரே கிடையாது. அம்மா பார்த்துக்கொள்வாள் — அவ்வளவுதான்.

அம்மா இல்லையென்றால்?

போன தீபாவளி சீசனில் பட்டாசு ஆலையில் — எங்கள் ஊர்ப் பேச்சில் பயராபீஸ் — நடந்த வெடிவிபத்தில் அக்கா போய்விட்டாள். மாப்பிள்ளை லோடு லாரியில் வடக்கே. எனக்கோ விருதுநகரில் பள்ளிக்கூட வேலை. ஜெனி பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள். ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

குளிப்பாட்டத் தெரியுமா, பத்தியச் சமையல் வருமா... வந்தவர்களை நான் துளைத்தெடுத்தேன். ஜெனி கேட்டது ஒன்றே ஒன்று.

"நீங்க பயராபீஸ் வேலைக்குப் போவீகளா?"

போவேன் என்றவர்களை எல்லாம் வேண்டாம் என்றாள். இந்த ஊரில் போகாதவர் யார்? கையில் ஒட்டிய வெடிமருந்து பிள்ளைக்கு ஆகாதென்று பயப்படுகிறாள் போல என்று நினைத்தேன்.

"நல்லா சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லலாம்டி."

"அதுக்கில்ல சித்தி. அன்னைக்கு வாசல்லயே நின்னேன். பயராபீஸ் வேன் வந்துச்சு... அம்மா வரல. இன்னொருத்தருக்காக அப்படி நிக்க என்னால ஆகாது."



கடைசியாக வந்தவர் அடுத்த தெரு முத்துமாரி. "எங்க பட்டாசுக் கம்பெனிக்குச் சீல் வச்சிட்டாக டீச்சர். இனி எங்கன போக?" என்றார். ஜெனி தலையாட்டினாள்.

பிள்ளையைவிட ஜெனியைத்தான் அவர் அதிகம் பார்த்துக்கொண்டார். தலைக்கு ஊற்றிவிட்டு, பூண்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். "அழணும்னா அழு தாயி. பிள்ளைய நான் வச்சிருக்கேன்." அக்கா போனபின் ஜெனி வாய்விட்டு அழுதது அன்றுதான். அப்புறம் சாப்பிட்டாள். தூங்கினாள்.

இந்தத் திங்கட்கிழமை கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. ஜெனியிடம் சொல்ல வாய் வராமல் முத்துமாரி எனக்குப் போன் போட்டார்.

"வேலைக்குப் போகாம எப்பிடி டீச்சர்? சாயங்காலம் வந்து பாத்துக்கிர்றேன்."

போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஜெனிக்கு நானே போனில் சொன்னேன்.

நேற்று சாயங்காலம் தாயில்பட்டி போனேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெனி வாசலில் நின்றிருந்தாள்.

"உள்ள வந்து சாப்பிடுடி" என்றேன்.

"வேன் வரட்டும் சித்தி."