பிரெட்டும் காய்ச்சலும்

எங்கள் வீட்டில் பிரெட் என்றால் காலைச் சாப்பாடு. அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். வெண்ணெய் தடவிய நாலு துண்டைத் தின்றுவிட்டு சைக்கிளில் ஏறிவிடுவார். அதே பிரெட்டை சர்ச்சில் போதகர் பிட்டுக் கொடுக்கும்போது அதற்குப் பெயர் அப்பம்.

என் கணவருக்கு உசிலம்பட்டிப் பக்கம். அங்கே பிரெட் என்றால் காய்ச்சல். பஸ் ஸ்டாண்டில் பிரெட் பாக்கெட்டோடு நின்றால், "ஆஸ்பத்திரிக்கா?" என்றுதான் கேட்பார்களாம்.

வேற்று மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று அவருடைய அம்மா இரண்டு வருஷம் எங்களோடு பேசவில்லை. நாங்கள் நாகமலை புதுக்கோட்டையில் வாடகைக்கு இருந்தோம். இருவருக்கும் வேலை, அதனால் காலையில் பிரெட். சாயங்காலம் அவர் பேக்கரியில் வாங்குவதை அடிக்கடி பார்த்த ஊர்க்காரர் ஒருவர் அவருடைய அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால், அத்தை! கையில் தூக்குவாளி. என்னைத் தாண்டி உள்ளே போய் மகன் நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்த்தார்.

"ஒரு மாசமா பிரெட்டு வாங்குறியாமுல்ல. என்னய்யா செய்யுது ஒனக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. காலையில அதத்தான் சாப்பிடுறோம்."

அவர் நம்பவில்லை. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசந்தான் அத்தை. நல்லாத்தான் இருக்காங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். தூக்குவாளியில் மிளகு ரசம். பஸ்ஸில் சிந்தாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மூன்று பேரும் அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். கிளம்பும்போது என்னிடம், "இம்புட்டு எளைச்சிருக்க. நல்லா சாப்பிடு தாயி. வாரேன்" என்றார்.

அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிறு வந்துவிடுவார். நான் பிரெட்டை நெய்யில் வாட்டிக் கொடுத்தாலும் தொடமாட்டார். "சொகமா இருக்கவளுக்கு எதுக்குத்தா அது?"

அத்தை போய் நான்கு வருஷம் ஆகிறது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேறெதுவும் இறங்கவில்லை. பிரெட்டைப் பாலில் நனைத்து நான்தான் ஊட்டினேன். மறுப்பே சொல்லாமல் வாயைத் திறந்தார். அவர் மறுக்கமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டே ஊட்டினேன்.

இப்போது நாங்கள் பிரெட் வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலசமயம் என்னையறியாமல் ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி களைந்துவிடுகிறேன். சோறு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் இருவரும் அதைத்தான் சாப்பிடுகிறோம்.