குடிக்காத சாயத்தண்ணி

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. லண்டனில் என் நாவலை வெளியிடப் போகும் அம்மையார் போன வாரம் கோப்பி வாங்கிக் கொடுத்தார். எதற்கடா இந்த உபசாரம் என்று யோசித்துக்கொண்டேதான் குடித்தேன். நினைத்தது சரியாகப் போயிற்று. கதை நன்றாக இருக்கிறதாம். ஆனால் சண்டைக் காலத்து இலங்கை மலையகம் என்றால் வாசகர்கள் இன்னும் கொஞ்சம் பயத்தை எதிர்பார்ப்பார்களாம். உங்கள் வீட்டில் யாரும் ஒளிந்திருக்கவில்லையா என்று, கேக் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். இல்லை என்றேன். வீடு திரும்பும்போது, அதே கேள்வியைக் கேட்காமல் போன ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. சித்தப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். அவர் அறையில் தங்கியிருந்தவர்களை எல்லாம் ஒருநாள், தமிழர் என்ற சந்தேகத்திலேயே, போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அந்நேரம் வெளியே போயிருந்ததால் தப்பி எங்களிடம் ஓடி வந்துவிட்டார். கையில் அடையாள அட்டையும் கிடையாது. பிடித்தால் எங்கே கொண்டுபோனார்கள் என்று விசாரிக்கக்கூட வழியில்லாத காலம் அது. அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில் பகல் முழுக்கப் படுத்திருப்பார். யார் கேட்டாலும் சித்தப்பா கொழும்பில்தான் என்று சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. எனக்கோ ஊரையே சந்தேகப்பட லைசன்ஸ் கிடைத்த மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா உப்புக் கேட்டு வந்தாலும், உப்புக்குத்தானா என்று வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு மத்தியானம், நல்ல மழையில், கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது இருப்பது வெளிநாட்டில், நாவல் எழுதுகிறவர், பள்ளிக்கூட மாஸ்டரின் சினேகிதர். எல்லாம் அவரே சொன்னது. நான் ஒன்றையும் நம்பவில்லை. நாவல் எழுதுகிறவருக்கு, போலீஸ்காரர் காலில் மாட்டுவது போல, அவ்வளவு கெட்டியான சப்பாத்து எதற்கு? அம்மாவும் என் காதோடு, "சும்மா கத கேக்கவா இம்புட்டு மேடு ஏறி வந்திருக்காரு?" என்றார். ஆனாலும் மழையில் நிற்பவரை உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியுமா?

உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்து, "பிள்ளை, வீட்டில எத்தினை பேர்?" என்று கேட்டார். "மூணு பேரு!" என்று அவர் வாய் மூடுமுன் கத்தினேன்.

வந்தவரைச் சாயத்தண்ணி, அதுதான் பால் ஊற்றாத தேநீர், கொடுக்காமல் அனுப்பினால் லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். குடித்தால்தான் கிளம்புவார். சீக்கிரம் தொலையட்டும் என்று அம்மா அவசர அவசரமாக அடுப்பில் விறகைத் திணித்தார். அந்த அவசரத்தில் கைக்கு வந்தது பச்சை விறகு. வீடே புகையில் மூழ்கியது. ஒருவழியாகச் சாயத்தண்ணி கொதித்து, கோப்பை அவர் கைக்குப் போன நேரம் பார்த்துப் பரணில் இருமல் வெடித்தது. ஆம்பளை இருமல். அடக்க அடக்க வந்துகொண்டே இருந்தது.

அம்மா உடனே இருமினார். நானும் இருமினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு, ஐயோ, தொண்டை கிழிய இருமினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்பையில் வாய்கூட வைக்காமல் அதைத் தரையில் வைத்துவிட்டு, "மழை விட்டிட்டுது அக்கா, நான் வெளிக்கிடுறன்" என்று எழுந்தார். மழை எங்கே விட்டது? ஊற்றிக்கொண்டிருந்தது.

அவர் படி இறங்கியதும் அம்மா விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். சித்தப்பா கீழே இறங்கி, கண்ணெல்லாம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "சாயத்தண்ணிகூட குடிக்காம ஓடுறான் பாரு, காட்டிக்குடுக்கத்தான் போறான்" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று பொழுது சாய்வதற்குள் அப்பா, மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி ஒன்றில் சித்தப்பாவை வலப்பனைக்கு ஏற்றி அனுப்பினார். போலீஸ் வரவே இல்லை. நாங்கள் உஷாராக இருந்ததால்தான் வரவில்லை என்று குடும்பமே மெச்சிக்கொண்டது. அந்த வெளிநாட்டுக்காரரை நான் வருஷக்கணக்காகத் திட்டித் தீர்த்தேன்.

அவருடைய நாவல் நான் லண்டன் வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. பின்னட்டையில் அதே முகம். யாரையெல்லாம் மாட்டிவிட்டிருக்கிறார் பார்ப்போம் என்றுதான் பிரித்தேன். ஒரு அத்தியாயத்தில் எங்கள் வீடு வந்தது. புகை இருந்தது, வாயாடிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். புகையில் தாயும் மகளும் இருமினார்கள் என்றிருந்தது. வேறு யாரும் இருமவில்லை. வீட்டில் மூன்றே பேர். சாயத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாராம், அதற்குள் மழையும் விட்டுவிட்டதாம். அந்தப் புத்தகம் வெளிவந்தபோது சண்டை முடிந்திருக்கவில்லை. அரசியல் தெரியாத சப்பைப் புத்தகம் என்று விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

சித்தப்பா என்றேனே, அது சித்தப்பாதானா, போனது வலப்பனைக்குத்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களையும் எனக்குச் சட்டென்று நம்ப வராது.

ஆனால் அந்தக் கோப்பை நிஜம். அவர் போனபின் அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைக் குடித்து முடிக்கும்வரை அவர் உட்கார்ந்திருந்தால், மேலே இருந்தவர் அந்தப் புகையில் மூச்சைப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்க வேண்டும். அது வந்தவருக்குத் தெரிந்திருந்தது. வாசலைக் காவல் காத்த எனக்குத் தெரியவில்லை.